ஆம் என்பதன் திசை

ஸ்மோலியானுக்கு வந்து மூன்றாவது வாரம்.
ஒடெசாவிலிருந்து நான் கொண்டுவந்தது
ஒரு பெட்டி, பல் மருத்துவச் சான்றிதழ்,
குழந்தைகளிடம் பேசப் போதுமான பல்கேரிய மொழி.

வெலிச்காவுக்கு நாற்பத்தேழு வயது.
பாலாடைக்கட்டிக் கூடத்தில் வேலை,
உப்புநீரில் ஊறி விரல்நுனிகள் வெளுத்திருந்தன.
கீழுதட்டைக் கிள்ளிக் காட்டி
“இதற்குள் யாரோ நடக்கிறார்கள்” என்றாள்.
யாரோ என்றாள். ஏதோ என்று சொல்லவில்லை.
எனக்கு முன்பு இரண்டு மருத்துவர்கள்
சிரித்திருந்தார்கள்.

நான் சிரிக்கவில்லை. வாயைத் திறக்கச் சொன்னேன்.
கண்ணாடி, விளக்கு, விரல்.
ஈறு நன்று, நாக்கு நன்று,
உதட்டின் உட்புறம் ஈரம், வேறொன்றுமில்லை.
கருவியை வாயில் வைத்துக்கொண்டு யார் பேசுவது?
கேள்விகளை நான் கேட்டேன்,
தலை பதில் சொன்னது.

இப்போது நகர்கிறதா?
இடவலமாக ஆட்டினாள்.
இல்லை என்று எழுதினேன்.
தூக்கத்தில் எழுப்புகிறதா?
இடவலமாக.
இல்லை.
மனக்கவலை, வீட்டில் ஏதாவது?
தலையை மேலே வெட்டினாள், அழுத்தமாக, இரண்டு முறை.
உண்டு என்று எழுதி அடிக்கோடிட்டேன்.

நரம்புக்கு ஒரு மாத்திரை.
வாய் திறக்கச் சொல்லி
வாயடைத்து அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை ரொட்டிக் கடை.
எள் தூவியது இருக்கிறதா என்றேன்.
கடைக்காரர் தலையை இடவலமாக ஆட்டினார்.
சரி என்று திரும்பி நடந்தவளைக்
கூப்பிட்டுக் கையில் கொடுத்தார்
தாளில் சுற்றிய இரண்டு ரொட்டிகளை.
நடைபாதையில் நின்றேன்.
சூடு தாளைத் தாண்டி
உள்ளங்கைக்கு வந்துகொண்டிருந்தது.

மருத்துவமனைக்கு ஓடி அட்டையை எடுத்தேன்.
மூன்று பதில்கள். மூன்றும் தலைகீழ்.
கையெழுத்து மட்டும் சரியாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை அவள் வந்தபோது
எதையும் கேட்கவில்லை, காத்திருந்தேன்.
சூடாகக் குடித்தால் வெளியே வரும் என்றாள்.
இஸ்க்ரா முர்சல் மலைத் தேநீர் கொண்டுவந்தாள்,
பிறகு இன்னொரு கோப்பை.
விளக்கைப் பிடித்த கை மரத்துப்போனது.
நாற்பதாவது நிமிடம்
உதட்டின் மெல்லிய தோலடியில்
வெள்ளையாய், கோணல் தையலாய், மெதுவாக
கன்னத்தை நோக்கி ஒரு கோடு.

நூல்.
படிக்கத் தெரியாமல் நான் மூடிவைத்தது.

மரத்துப்போக ஊசி. சிறு கீறல். இடுக்கி.
அறுந்துவிடக் கூடாதென்று
மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தேன்.
ஒரு விரல் நீளம்.
கிண்ணத்து உப்புநீரில்
வளைந்து வளைந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தது.

உருப்பெருக்கியில் அதன் தலைப்பக்கம்
தெருவில் பதித்த கூழாங்கற்கள்போல் வரிசையாகப் புடைப்புகள்.
ஆய்வகத்துப் போய்கோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மறுபடி பார்த்தார்.
மாட்டின் உணவுக்குழாயில் வாழ வேண்டியது,
சாணவண்டுக்குள் சிறிது காலம்,
மனிதரிடம் வந்தால் வழிதவறி வந்தது என்றார்.
முப்பது ஆண்டுகளாகப் படத்தில் மட்டுமே பார்த்தாராம்.
குரலில் மகிழ்ச்சி.
பிறகு வெலிச்கா பக்கம் திரும்பி
மகிழ்ச்சியை மறைத்துக்கொண்டார்.

மேய்ச்சல் நிலத்து ஊற்றில் குடித்திருக்கலாம்.
எந்த நாள், எந்த மிடறு,
யாருக்கும் தெரியாது.

தானும் பார்க்க வேண்டும் என்றாள்.
வெகுநேரம் குனிந்திருந்தாள்.
நிமிர்ந்து, “ஏழு மாதம்” என்றாள்.

அட்டையைக் காட்டி, நடந்ததைச் சொல்லி,
மன்னிப்பீர்களா என்று கேட்டேன்.
தலையை மேலே வெட்டினாள், ஒரே முறை.
இந்தத் தடவை
சரியாகப் படித்தேன்.

பிறகு, வீங்கிய உதட்டோடு,
ஒரு கடிதம் வேண்டும் என்றாள்.
புழுவின் பெயர், நீளம், தேதி.
கணவனுக்கு ஒன்று,
பக்கத்து அறையில் படுக்கத் தொடங்கியிருந்தான்.
மேற்பார்வையாளருக்கு ஒன்று.
அக்காவுக்கு ஒன்று.

மூன்றும் எழுதினேன்.
முதல் முத்திரை மங்கலாக விழுந்தது.
இன்னொன்று போடுங்கள் என்றாள்,
நன்றாக அழுத்தி.